மலையில் காயாத துளசி: வீட்டில் மூலிகை டிங்சர் போட முழு வழிகாட்டி

ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, தீப்பெட்டிகூட நமுத்துப் போகும். நாகலூர்ப் பக்கம் குடிவந்த முதல் வருடம், ஒரு முறம் துளசியைத் திண்ணையில் பரப்பி வைத்தேன். நான்காம் நாள் அதன் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. சரி, அடுத்த பறிப்பைக் கீழே கொண்டுபோகலாம் என்று பையில் கட்டி, சேலம் அம்மாபேட்டையில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் போட்டேன். ஒரே பகலில் மொறுமொறுவென்று ஆகிவிட்டது. கசக்கி முகர்ந்தால் வைக்கோல் வாசனைதான் வந்தது. மேலே பூஞ்சை, கீழே வைக்கோல். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடியபோதுதான் டிங்சர் போடப் பழகினேன்.

டிங்சர் என்றதும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முட்டியில் அடிபட்டால் போடும் அயோடின்தான் ஞாபகம் வரும். அதுவும் டிங்சர்தான்: அயோடினை ஆல்கஹாலில் கரைத்தது. ஹோமியோபதிக் கடையில் 'மதர் டிங்சர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் செடியை ஆல்கஹாலில் ஊற வைத்து இறக்கியதுதான். நம் வைத்தியத்தில் குடிநீர் எனும் கஷாயம் உண்டு, சூரணம் உண்டு, தைலம், மணப்பாகு, தீநீர் எல்லாம் உண்டு. அரிஷ்டம், ஆசவம் இரண்டிலும் ஆல்கஹால் இருக்கும்; ஆனால் அது வெல்லமும் மூலிகையும் சேர்ந்து புளிக்கும்போது தானே உண்டாவது. டிங்சரில் ஆல்கஹாலை நாமே ஊற்றுகிறோம். இது மேல்நாட்டு மருந்தகத்து முறை. இதைச் சித்தர்கள் சொன்னது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷாயத்தைவிட டிங்சர் பெரிய மருந்து இல்லை. வாசலில் துளசி இருக்கிற வீட்டில், இருமலுக்கு நாலு இலை பறித்துக் கொதிக்க வைத்தால் போதும். சில வாரமே கிடைக்கிற பொருளை, காய வைக்க வழியில்லாத இடத்தில், வருடக்கணக்கில் மணம் குறையாமல் பிடித்து வைக்கத்தான் டிங்சர். ஊறுகாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்கஹால் என்ன செய்கிறது

செடியில் சில பொருள்கள் தண்ணீரில் கரையும், சில கரையாது. மஞ்சளின் குர்க்குமின், மிளகின் பைப்பரின், வாசனை எண்ணெய்கள், பிசின்கள் எல்லாம் தண்ணீருக்கு அவ்வளவாக இறங்காது, ஆல்கஹாலுக்கு இறங்கும். வழவழப்பும் பசையும் தண்ணீரோடு சேரும், ஆல்கஹாலில் திரிந்து அடியில் படியும். அதனால் வெந்தயம், கற்றாழை, பாதாம் பிசின் போன்றவற்றை டிங்சர் போடுவது வீண். நெல்லிக்காயையும் நான் போடுவதில்லை, அதைத் தேனில் போட்டுவிடலாம். பாதி ஆல்கஹால், பாதி தண்ணீர் என்ற கலவை இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு வேலை செய்யும். கடையில் கிடைக்கும் மது ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது.

கெடாமல் வைப்பதும் ஆல்கஹால்தான். முடிந்த டிங்சரில் ஆல்கஹால் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சையும் புளிப்பும் அண்டாது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கணக்கெல்லாம் இதற்காகத்தான்.

எதை ஊற்றுவது

வோட்காதான் வசதி. நிறம் இல்லை, தனி மணம் இல்லை. பிராந்தியும் ஆகும், ஆனால் அதன் சுவை மேலே நிற்கும். லேபிளில் '42.8% வி/வி' என்று இருக்கும், அதாவது 100 மி.லி.யில் 42.8 மி.லி. ஆல்கஹால். சிலவற்றில் '75 டிகிரி புரூஃப்' என்றோ '25 யு.பி.' என்றோ போட்டிருப்பார்கள், எல்லாம் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரே சட்டபூர்வ வழி அரசு மதுக்கடை. நான் போய் நிற்கவில்லை, வீட்டுக்காரரை அனுப்பினேன். குவாட்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டு அம்மா, "ஏன் கண்ணு, மருந்துன்னு சொல்லிட்டு என்னத்த கொண்டாந்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. இந்தியாவிலேயே மதுவிலக்கு முதலில் வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான், ராஜாஜி முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று. ராஜாஜி அதற்கு முன்பு சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். மதுவிலக்குக் காலத்தில் குடிக்கத் துடித்தவர்கள் மருந்துக்கடை 'டிங்சர் ஜிஞ்சரை' வாங்கிக் குடித்த கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். நான் முதலில் போட்டதும் இஞ்சி டிங்சர்தான் என்பதால் அம்மாவிடம் இதை எல்லாம் விளக்கப் போகவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர், பெயின்ட் தின்னர், ஆய்வகத்தில் வாங்கிய ஸ்பிரிட், யாரோ கேனில் கொண்டுவந்து தருகிற 'ப்யூர் ஆல்கஹால்': இவற்றில் ஒன்றையும் தொடாதீர்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் குடிக்கக்கூடாது என்பதற்காகவே அதில் வேறு பொருள் கலக்கிறார்கள். மெத்தனாலும் குடிக்கும் ஆல்கஹாலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், வாசனையை வைத்துப் பிரிக்க முடியாது. 2024 ஜூனில் பக்கத்து கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பலரைச் சேலத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். சீல் உடையாத பாட்டில் தவிர வேறெதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

வீட்டு உபயோகத்துக்குப் போடுங்கள், விற்காதீர்கள். மருந்து என்று விற்க உரிமம் வேண்டும், ஆல்கஹால் சேர்ந்தது என்பதால் இன்னொரு உரிமமும் வேண்டும்.

எந்தச் செடி, எங்கே பறிப்பது

ஆரம்பிப்பவர்கள் சமையலறையில் ஏற்கெனவே இருப்பதைத் தாண்டிப் போக வேண்டாம்: சுக்கு, மிளகு, மஞ்சள், ஏலக்காய், துளசி, கற்பூரவல்லி, ஆரஞ்சுத் தோல். காய்ந்த சரக்குக்குச் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் போனால் போதும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள், முழுசாக வாங்குங்கள். முழுச் சரக்கில் கலப்படம் செய்வது கஷ்டம், பூச்சி அடித்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

பெயரில் ஏமாறாதீர்கள். கற்பூரவல்லி என்று கேட்டால் ஓமவல்லி இலையும் வரும், வாழைப்பழமும் வரும். அதில் ஆபத்து இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். பிரமி என்று சிலர் வல்லாரையைச் சொல்வார்கள், சிலர் நீர்ப்பிரமியைச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு செடி. இலை, பூ, காய் மூன்றையும் பார்த்து உறுதி செய்யாத எதையும் பாட்டிலில் போடக்கூடாது.

மலையில் பறிப்பதில் தனிச் சங்கதிகள் உண்டு. காப்பித் தோட்டத்தில் மழைக்கு முன்பு இலைநோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். வேலியோரத் துளசி மேல் நீலச்சாயல் படிந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் எவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தாலும் அதுவும் வேண்டாம், பஸ் புகை முழுக்க அதன் மேல்தான். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிப்பது சட்டப்படி குற்றம். சொந்தத் தொட்டியில் வளர்ப்பதுதான் நிம்மதி.

இப்போது விஷம். இந்த மலைகளிலும் கீழே சேலத்துக் கரடுகளிலும் கண்ணில் படக்கூடியவை: செங்காந்தள், ஊமத்தை, அரளி, எட்டி, குன்றிமணி, ஒடுவந்தழை. செங்காந்தள் நம் மாநில மலர், அழகுதான், ஆனால் கிழங்கு முதல் விதை வரை கொல்லும் விஷம். கிழங்கு வேறு சாப்பிடும் கிழங்கு மாதிரியே இருக்கும். அதில் இருக்கும் கோல்ச்சிசின் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதாவது செடியில் இருக்கும் நல்லதை எப்படி இழுக்குமோ அப்படியே நஞ்சையும் ஆல்கஹால் இழுத்து ஒரு தேக்கரண்டிக்குள் சுருக்கிவிடும். 'வலிக்கு நல்லது' என்று யாராவது சொன்னார்கள் என்று இவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டாம், வெளிப்பூச்சுக்குக்கூட வேண்டாம். தைலமர இலையையும் நான் உள்ளுக்குப் போடுவதில்லை, வேது பிடிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பாத்திரங்கள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு. ஜாம் பாட்டில் இரண்டு, கண்ணாடியில். மி.லி. கோடு போட்ட அளவுக் குவளை. பழைய வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்த துண்டு. பழுப்பு நிறச் சொட்டுப் பாட்டில், மருந்துக்கடையிலோ ஹோமியோபதிக் கடையிலோ கிடைக்கும். பட்டர் பேப்பர் கொஞ்சம். பிளாஸ்டிக் வேண்டாம், ஆல்கஹால் அதையும் கரைத்து இழுக்கும்.

தராசு இல்லாமல் இறங்காதீர்கள். ஒரு கைப்பிடி என்பது என் கையில் ஒன்று, அம்மா கையில் ஒன்று. இந்தத் தடவை நன்றாக வந்ததை அடுத்த தடவையும் வரவைக்க வேண்டுமானால் எடைதான் வழி.

காய்ந்த சரக்கு: சுக்கு டிங்சர்

காய்ந்த சரக்குக்கு விகிதம் 1:5. ஒரு கிராம் சரக்குக்கு ஐந்து மி.லி. ஆல்கஹால். குவாட்டர் பாட்டில் 180 மி.லி., அதை ஐந்தால் வகுத்தால் 36. ஆக, ஒரு குவாட்டருக்கு 36 கிராம் சுக்கு. ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது.

'சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சுண்ணாம்பில் புரட்டிய சுக்கும் சந்தையில் வரும். அதனால் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் எடை போட வேண்டும். 45 கிராம் வாங்கினால் சுரண்டியபின் 36 தேறும்.

அம்மியிலோ உரலிலோ தட்டுங்கள். ரவைப் பதம் போதும். மிக்சியில் போட்டு மாவாக்கினால் வடிகட்டும்போது துணியை அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன், 180 மி.லி. வடிய ஒரு ராத்திரி ஆனது.

ஜாம் பாட்டிலையும் மூடியையும் கொதிநீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காய வையுங்கள். மலையில் இதற்கே அரை நாள் ஆகும், அடுப்பு மேடைச் சூட்டில் கவிழ்த்து வைக்கலாம். ஆனால் வோட்காவைத் திறக்கும் முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும்.

சுக்கைப் போட்டு, வோட்கா முழுவதையும் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் சுக்கு உறிஞ்சி உப்பும். மறுநாள் பார்க்கும்போது சரக்கு ஆல்கஹாலுக்கு மேலே தலை காட்டினால் இன்னும் கொஞ்சம் ஊற்றி, ஊற்றிய அளவையும் எழுதி வையுங்கள். மூடி தகரமாக இருந்தால் இடையில் பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள், இல்லையென்றால் துரு ஏறும்.

உடனே லேபிள். 'நாளைக்கு எழுதிக்கலாம்' என்று நினைத்த பாட்டில்கள் இரண்டு என் அலமாரியில் இன்றும் பெயரில்லாமல் இருக்கின்றன. ஒன்று மஞ்சள், இன்னொன்று சித்தரத்தை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதாலேயே இரண்டையும் யாரும் தொடுவதில்லை. லேபிளில் எழுத வேண்டியவை: செடியின் பெயர், எந்தப் பாகம், பச்சையா காய்ந்ததா, எடை, ஆல்கஹாலின் அளவும் சதவீதமும், ஊற வைத்த தேதி. பேனா மையை ஆல்கஹால் அழித்துவிடும், பென்சிலால் எழுதி மேலே செலோ டேப் ஒட்டுங்கள்.

வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்குங்கள். எத்தனை நாள் என்றால் நாலு முதல் ஆறு வாரம். அம்மா கணக்கில் ஒரு மண்டலம், 48 நாள். இரண்டு வாரத்திலேயே பெரும்பகுதி இறங்கிவிடும், அவசரமென்றால் அப்போதே வடிக்கலாம். மண்டலத்துக்கு மேல் விட்டு வைப்பதால் எதுவும் கூடுவதில்லை.

வடிப்பது இப்படி. அளவுக் குவளை மேல் துணியை விரித்து, மொத்தத்தையும் கவிழ்த்து, சொட்டு நின்றதும் துணியை முறுக்கிப் பிழியுங்கள். பிழியாமல் விட்டால் கால்வாசி சக்கையிலேயே நின்றுவிடும். பிழிந்தது கலங்கலாக இருக்கும். ஒரு ராத்திரி அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் பழுப்புப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். 180 ஊற்றினால் 140 மி.லி. சுமார் கிடைக்கும். பழைய லேபிளில் இருந்ததை எல்லாம் எடுத்தெழுதி, வடித்த தேதியையும் சேர்த்துப் புதுப் பாட்டிலில் ஒட்டுங்கள்.

மிளகுக்கும் இதே முறை, இதே விகிதம். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் காய்க்கிற மிளகு, தோட்டத்திலிருந்து நேராக வாங்கினால் மணமே தனி. மஞ்சளும் அப்படித்தான், ஆனால் கை, துணி, மேடை எல்லாம் மஞ்சளாகும் என்பதற்குத் தயாராக இருங்கள்.

பச்சை இலை: துளசியும் கற்பூரவல்லியும்

பச்சை இலையில் கணக்கு மாறும், ஏனென்றால் இலைக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. துளசியில் அது சுமார் ஐந்தில் நாலு பங்கு. பச்சைக்கு விகிதம் 1:2. குவாட்டர் வோட்காவுக்கு 90 கிராம் துளசி. 180 மி.லி.யில் இருக்கும் ஆல்கஹால் 77 மி.லி. இலையிலிருந்து வரும் தண்ணீர் 72 மி.லி. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 252. எழுபத்தேழை அதில் வகுத்தால் 30 சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். 25-க்கு மேல், நல்லது.

பத்து மணிக்கு மேல், பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். பூங்கதிர் முற்றாத கிளையாக இருக்கட்டும். கழுவினால் துணியில் ஒற்றி, காற்றோட்டத்தில் ஓர் இரவு வாட விடுங்கள். வாடினால் தண்ணீர் கொஞ்சம் போகும், மணம் போகாது. காய வைப்பது வேறு, வாட வைப்பது வேறு. மலையில் முதலாவதுதான் நடக்காது. வாடிய பிறகு எடை போட்டு, பொடியாக நறுக்கி, உடனே ஆல்கஹாலில் அமுக்குங்கள். இலை மிதக்கும், முதல் வாரம் தினம் இருமுறை குலுக்க வேண்டும். வெளியே நிற்கும் இலையில்தான் பூஞ்சை பிடிக்கும். சுக்கு மாதிரி ஒரு மண்டலம் வேண்டாம், மூன்று வாரம் போதும்.

கற்பூரவல்லியில்தான் எனக்கு அடி விழுந்தது. சாறு நிறைந்த தடித்த இலை, பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தெரியாமல் பாட்டில் நிறையத் திணித்து, இடைவெளியில் பிராந்தி ஊற்றி நிரப்பினேன். 150 கிராம் இலை, 100 மி.லி. பிராந்தி. பத்தாம் நாள் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது, ஊசிப்போன மோர் வாசனையும் வந்தது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 43 மி.லி. ஆல்கஹால், இலைத் தண்ணீர் 135-ஐயும் சேர்த்தால் மொத்தம் 235. அதாவது 18 சதவீதம். அதுதான் புளித்துவிட்டது. இப்போது 1:3 போடுகிறேன். 60 கிராம் இலைக்கு ஒரு குவாட்டர். இதில் 33 சதவீதம் நிற்கும்.

அடியில் வண்டல் படிவது கெட்டதற்கு அடையாளம் இல்லை. குமிழி, புளிப்பு, மேலே படலம்: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கொட்டிவிடுங்கள். சரி செய்ய இன்னும் ஆல்கஹால் ஊற்றிப் பார்க்கலாமே என்ற யோசனை வரும். வேண்டாம்.

ஆரஞ்சுத் தோல்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மருந்துக்கும் சமையலுக்கும் நடுவில் நிற்கும் சரக்கு. காப்பிக்கு நடுவே இங்கே கமலா ஆரஞ்சு மரங்கள் உண்டு, பழம் சின்னது, தோல் லூசாக இருக்கும், உரித்தால் விரலெல்லாம் மணக்கும். மெழுகு பூசிய கடைப் பழம் இதற்கு ஆகாது. தோலின் உட்புற வெள்ளையைக் கரண்டியால் வழித்தெடுத்து, மேல்தோலை 60 கிராம் எடுங்கள். இடித்த மிளகு நாலு கிராம், ஏலக்காய் இரண்டு கிராம் தட்டிப் போட்டு ஒரு குவாட்டர் ஊற்றுங்கள். இரண்டு வாரத்தில் வடித்துவிடலாம், அதற்கு மேல் விட்டால் கசப்பு ஏறும்.

சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டால் தண்ணீர் லேசாகப் பால் நிறமாகும். கெட்டுவிட்டதோ என்று எங்கள் வீட்டில் ஒருவர் பயந்தார். ஆல்கஹாலில் கரைந்திருந்த வாசனை எண்ணெய், தண்ணீர் கூடியதும் கரைய இடமில்லாமல் நுண்துளிகளாகப் பிரிகிறது, அவ்வளவுதான். பால் நிறமானால் எண்ணெய் நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆல்கஹால் வேண்டாம் என்றால்

அம்மா வீட்டுக்கு நான் கொண்டுபோவது கிளிசரின் பாட்டில்தான். காய்ந்த சரக்குக்கு மூன்று பங்கு கிளிசரின், ஒரு பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர். பச்சை இலைக்குத் தண்ணீர் சேர்க்காமல் கிளிசரின் மட்டும். விகிதமும் காலமும் முன்பு சொன்னதுதான். இனிப்பாக இருக்கும், வடிய நேரமாகும், பிசினும் எண்ணெயும் ஆல்கஹாலில் இறங்கும் அளவுக்கு இறங்காது. மிளகும் மஞ்சளும் இதில் சுமார், துளசி நன்றாக வரும். ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கிளிசரின் வாங்கும்போது லேபிளில் 'ஐ.பி.' என்று மருந்துத் தரக் குறி இருக்க வேண்டும். முகத்துக்குப் பூசும் கிளிசரினும், சோப்புக் கடையில் லிட்டர் கணக்கில் அளந்து கொடுப்பதும் உள்ளுக்கு ஆகாது. டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதுவும் கிளிசரின் போலவே நிறமில்லாமல், இனிப்பாக இருக்கும்.

வினிகரிலும் போடலாம். ஆறு மாதம், பிரிட்ஜில். சுவை எல்லோருக்கும் ஒத்துவராது, எனக்கு வரவில்லை.

எப்படி எடுப்பது, யார் எடுக்கக் கூடாது

இருபது சொட்டு என்றால் சுமார் ஒரு மி.லி. எங்கள் வீட்டில் பெரியவர்கள் தொண்டை கரகரப்புக்கோ சாப்பாட்டுக்கு அப்புறம் வயிறு உப்பினாலோ, பத்து முதல் இருபது சொட்டை வெந்நீரில் விட்டுக் குடிப்போம், ஒரு நாளைக்கு இருமுறைக்கு மேல் இல்லை. நேராக நாக்கில் விட்டால் எரியும். வெந்நீரில் விட்டால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் போகும், மீதி இருக்கும்.

குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடியை விட்டவர்கள் தொட வேண்டாம். குடியை விட்டவருக்கு ஒரு சொட்டின் மணமே போதும், அந்த வீட்டில் பாட்டிலையே வைக்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிரம் மாத்திரை எடுப்பவருக்கு இந்தச் சொட்டும் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, படபடப்பு வரலாம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரானிடசோல் சாப்பிடும் நாட்களிலும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் சுக்கு, மஞ்சள் டிங்சருக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. ஆடாதோடை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை அதற்கு உண்டு, சித்த மருத்துவர் சொல்லாமல் அதில் நான் கை வைப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, கேட்கக் காசு இல்லை. மூன்று நாளில் இறங்காத காய்ச்சலுக்கும் மூச்சு இரைப்புக்கும் சொட்டுப் பாட்டிலைத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள்.

பாட்டிலைப் பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். சொட்டுப் பாட்டில் பார்க்கக் கண் மருந்து மாதிரி இருக்கும். தூக்கக் கலக்கத்தில் மாமனார் ஒருநாள் அதைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய்விட்டார், நல்லவேளை மிளகு வாசனை காப்பாற்றியது. அதற்குப் பிறகு எல்லா மூடியிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். வெளிச்சம் படாமல் வைத்தால் மூன்று வருடம் வரை மணம் குறையாமல் இருக்கிறது.

கடைசியாகச் சக்கை. அதில் ஆல்கஹால் மிச்சம் இருக்கும். கோழிக்கும் ஆட்டுக்கும் போடாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள், குப்பென்று பிடிக்கும். தட்டில் பரப்பி ஒரு நாள் வெளியே காற்றாட விட்டு, மறுநாள் காப்பிச் செடி அடியில் மண்ணில் புதைத்துவிடுங்கள். ஆரஞ்சுச் சக்கையை மட்டும் நான் புதைப்பதில்லை. காற்றாடியதும் வெல்லப்பாகில் ஒரு கொதி விட்டு எடுத்தால், மழை நாளில் கறுப்புக் காப்பிக்குக் கடித்துக்கொள்ள நன்றாக இருக்கும்.